பழசைக் கையில் கொடுத்துவிட்டுப் புதுசை மாட்டியவர்

பேச்சியக்கா இறந்துபோன செய்தி வந்தபோது, நான் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் அறையில் தரையில் உட்கார்ந்து, ஒரு கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. என்கிற புதுவகை டிஸ்க் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனியில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வாட்ச்மேன்தான் வந்து, "அண்ணே, ஒங்க போன் விடாம அடிச்சுக்கிட்டு இருக்கு. என்னன்னு வெளிய வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அக்காவின் மகள் சுகன்யா அழைத்திருந்தாள். நான் திருப்பி அழைத்ததும், "மாமா, அம்மா போயிட்டாக" என்றாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். திருமங்கலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

போனை வைத்ததும் நம் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். கும்பிட்ட கைகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஆளாக, சங்கத் தலைவர் இரங்கல் போட்டிருந்தார். 'அன்புச் சகோதரியின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது.' படித்ததும் வாயில் எச்சில் ஊறியது. விழுங்கக்கூடிய எச்சில் இல்லை அது. கொஞ்சம் கீழே ஒருவர், அக்காவின் உடல் வீடு வந்து சேர்வதற்கு முன்பே, 'அவங்க பாத்துக்கிட்டிருந்த கம்பெனிகள இனி யாரு எடுக்கிறது? சீசன் நேரம், சர்வீஸ் நிக்கக் கூடாது' என்று கேட்டிருந்தார். அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவர்களும் இருந்தார்கள்.

சங்க மலருக்கு அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். "நல்லதா எழுதுங்க" என்றார்கள். நான் எழுதியிருப்பது இது. மலரில் வராது என்று எனக்குத் தெரியும். அதனால்தான், அக்காவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் நேராக அனுப்புகிறேன்.

அக்கா சிவகாசியில், அச்சகங்கள் நெருக்கியடித்த ஒரு சந்தில், சர்வீஸ் கடை வைத்திருந்தார். பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தவர். நான் விருதுநகரில் கடை வைத்திருப்பவன். பெரிய கம்பெனி வேலை வந்தால் இருவரும் சேர்ந்து போவோம். இனிமையாகப் பேசக்கூடியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. வாடிக்கையாளர்களைத் திட்டுவார். கீபோர்டில் டீ கொட்டிக்கொண்டு வந்தவரிடம், "தட்டுல சாப்பிட மாட்டீகளா, இதுலதான் சாப்பிடுவீகளா?" என்று கேட்டவர். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அக்காவுக்கு அருவருப்பு சட்டென்று வந்துவிடும். முகத்தில் மறைக்கத் தெரியாது. பிடிக்காதவர் யாராவது போனில் பேசினால், கையைக் கழுவிவிட்டுப் போனையும் துடைத்து வைப்பார். சாமான் வாங்க விருதுநகர் வந்தால் எண்ணெய்ப் பரோட்டாக் கடைக்கு என்னையும் இழுத்துப் போவார். தட்டைப் பார்த்து, "எம்புட்டு எண்ணெ தம்பி, பாக்கவே சகிக்கல" என்பார். முழுவதையும் தின்றுவிட்டு இன்னொன்று கேட்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் அவருடைய அருவருப்பு தோற்று நான் பார்த்திருக்கிறேன்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போன நாள் நினைவில் நிற்கிறது. கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, டிஸ்க் இல்லை என்று திரையில் எழுதிக் காட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஆபீஸில் இருக்க வேண்டிய கம்ப்யூட்டரை, லோடு ஏற்றுவதற்கு வசதி என்று, சரக்கு அடுக்கியிருந்த அறையிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தோம். உள்ளே எல்லாவற்றின் மேலும் வெள்ளி நிறத்தில், பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியத் தூள். டிஸ்க்கின் கேபிள் முனையை விரலால் தொட்டால் விரல் மினுங்கியது. காற்றாடிக்கு அடியில் பல்லி முட்டை. பின்னால், ஒட்டுப்போட்ட ஒரு வயர், சாக்குகளை உரசிக்கொண்டு பிளக்குக்குப் போயிருந்தது.

அக்கா பிளக்கைப் பிடுங்கினார். "இத ஆபீசுக்குக் கொண்டாங்க. அங்கன வச்சுத்தான் பாப்பேன்" என்றார்.

மேனேஜர் சிரித்தார். "இங்கனயே பாருங்கம்மா. இம்புட்டு நாளா இங்கனதான் ஓடுது. ஒண்ணும் ஆகாது."

"ஆச்சுன்னா யாருக்கு ஆகும்? ஒங்களுக்கா, வெளிய உக்காந்து திரி கிள்ளுற பொம்பளைகளுக்கா?"

அவர் முகம் மாறியது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அக்கா ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பஸ்ஸில் ஏறினோம். ஊர் நெருங்கும்போது, தன் விரலைப் பார்த்துக்கொண்டே, "கம்ப்யூட்டரத் தெறந்தா அந்தக் கம்பெனியோட யோக்கியத தெரிஞ்சிருது தம்பி" என்றார். பிறகு அந்தக் கம்பெனி முதலாளி வீட்டிலிருந்தே கூப்பிட்டு, கம்ப்யூட்டரை ஆபீஸுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அக்கா போய் டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தார். அந்த மேனேஜரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இனி நான் சொல்லப்போவது, மலரில் வர முடியாத பகுதி.

தாயில்பட்டியிலிருந்து மகேஸ்வரி என்ற பெண் ஒரு நாள் தன் கம்ப்யூட்டரோடு அக்கா கடைக்கு வந்தார். நான் அப்போது அங்கே ஒரு பவர் சப்ளை வாங்கப் போயிருந்தேன். பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிளுக்கு வீட்டிலிருந்தபடியே டிசைன் செய்து கொடுப்பவர் அவர். கணவர் வளைகுடா நாட்டில் டிரைவர். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று பைபாஸ் ரோட்டில் இருக்கும் பெரிய ஷோரூமில் கொடுத்திருக்கிறார். அவர்கள் புதிய எஸ்.எஸ்.டி. மாட்டிக் கொடுத்துவிட்டு, "பழைய டிஸ்க் செத்துப்போச்சு, உள்ள இருந்தது எதுவும் வராது, கழட்டிக் குப்பையில போட்டாச்சு" என்று சொல்லிவிட்டார்கள். அந்த சீசனுக்கு அவர் செய்த டிசைன்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

"கொண்டுபோறப்ப ஓடுச்சாம்மா?" என்று அக்கா கேட்டார்.

"ஓடுச்சுக்கா. மெதுவாத்தான் ஓடும். ஆனா ஓடுச்சு."

அக்கா பெட்டியைத் திறந்தார். புதிய எஸ்.எஸ்.டி., மெல்லிய பட்டை போல, மதர்போர்டிலேயே செருகப்பட்டிருந்தது. பழைய டிஸ்க் இருந்த இடம் காலி. அதன் கேபிள் மட்டும் ஒரு முனை போர்ட்டில் மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா தன் மேஜையிலிருந்து நல்ல டிஸ்க் ஒன்றை எடுத்து அந்தக் கேபிளில் மாட்டி ஆன் செய்தார். கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. அணைத்துவிட்டு, கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றி மறுபடி ஆன் செய்தார். உடனே தெரிந்தது.

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சில மதர்போர்டுகளில், பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யை அந்த இடத்தில் செருகினால், அதோடு ஒரே வழியைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு போர்ட் தானாக அணைந்துவிடும். அந்தப் போர்ட்டில் மாட்டியிருக்கும் டிஸ்க் செத்ததுபோலத் தோன்றும். கேபிளை அடுத்த போர்ட்டில் மாட்டினால் உயிர் வந்துவிடும். நம்மில் பலருக்குத் தெரிந்த சங்கதிதான்.

"ஒங்க டிஸ்க் சாகலம்மா" என்றார் அக்கா. "அவுகளுக்குத் தெரியலையா, தெரிஞ்சே சொன்னாகளான்னு போய்க் கேப்போம்."

மூன்று பேருமாக ஆட்டோவில் போனோம். முன்பக்கம் கண்ணாடியும் குளிர்சாதனமுமாக இருந்தது. ரிசப்ஷனில் இருந்தவர், "அதான் குப்பைல போட்டாச்சுன்னு சொன்னோம்ல மேடம்" என்றார். அக்கா அவரைக் கடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, சர்வீஸ் அறைக்குள் போய்விட்டார். நானும் மகேஸ்வரியும் பின்னால் போனோம்.

உள்ளே ஒரு மேஜையைச் சுற்றி மூன்று ஆண்கள் நின்றார்கள். கல்யாணமாகிக் குழந்தை குட்டி உள்ளவர்கள். ஒருவன் கையில் டீ கிளாஸ். திரையில் ஒரு படம் விரிந்திருந்தது. அடுத்த படத்துக்கு மாற்றச் சொல்லி ஒருவன் மற்றவன் தோளைத் தட்டினான். மேஜை மேல், கேபிள் மாட்டியபடி, அந்தச் செத்துப்போன டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. மகேஸ்வரி தன் கணவருக்காக எடுத்து வைத்திருந்த படங்கள் அவை. அதற்கு மேல் அவற்றைப் பற்றி எழுத மாட்டேன்.

மகேஸ்வரி பார்த்துவிட்டார். துப்பட்டாவை இழுத்து வாயை மூடிக்கொண்டு, "அக்கா, வாங்க போயிருவோம்" என்றார்.

"நீ வெளிய போய் உக்காரும்மா. நான் வாரேன்" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "தம்பி, இவுக யாரும் இந்த மேசையத் தொடாமப் பாத்துக்கோங்க" என்றார்.

முதலில் திரையை அணைத்தார். போன் எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவைக் கூப்பிட்டு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அவர் சொன்னபடி, எதையும் அழிக்காமல், அந்தக் கம்ப்யூட்டரையும் அதோடு ஓடிய டிஸ்க்கையும் அப்படியே வைத்துவிட்டுப் போலீஸுக்குச் சொன்னார். அவர்கள் வரும்வரை நானும் அக்காவும் அந்த மேஜைக்கு முன்னால் நின்றோம்.

அதற்குள் ஷோரூம் முதலாளி வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டவர் முகத்தில் வெட்கம் தெரியும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் டீ வாங்கிவரச் சொன்னார்.

"உக்காருங்கக்கா. டீ சாப்பிடுங்க. பயலுக ஏதோ விளையாட்டா..."

"மொதல்ல செத்துப்போச்சுன்னு சொன்னீகளே, அது தெரியாமச் சொன்னதா?"

"அது... போர்டுல தெரியலக்கா. இங்க மாட்டின பெறகுதான் ஓடுச்சு."

"உசுரோட இருக்குன்னு தெரிஞ்சதும் அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் அடிச்சிருக்கணுமா இல்லையா? நீங்க என்ன செஞ்சீக? கதவச் சாத்திட்டுக் கூட்டமா நின்னு பாத்தீக."

"நான் பாக்கலக்கா. எனக்குத் தெரியாது."

"ஒங்க கடைதான இது?"

டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

போலீஸ் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போன பிறகு வெளியே வந்தோம். படியிறங்கியதும் அக்கா ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மதியம் சாப்பிட்டதெல்லாம் வந்தது. உள்ளே அவ்வளவு நேரம் கல் மாதிரி நின்றவர். மகேஸ்வரி ஓடிவந்து அக்காவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தன் பாட்டில் தண்ணீரால் முகத்தைத் துடைத்துவிட்டார். யார் யாருக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நாள் அது என்று நினைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

மகேஸ்வரியின் கணவர் என்ன சொல்வாரோ என்று நாங்கள் பயந்தோம். அன்று சாயங்காலம் அக்கா கடையில் வைத்துத்தான் மகேஸ்வரி அவரிடம் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்தப் பக்கம் அவர் முழுவதையும் கேட்டார். பிறகு அவர், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். அடுத்து, "கம்ப்ளெயிண்ட வாபஸ் வாங்காத. யாரு வந்து சொன்னாலும் வாங்காத. நான் லீவு போட்டு வாரேன்" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண்ணைத் துடைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

யாரும் வரமாட்டார்கள் என்று நான் நினைத்தது தவறு. வந்தார்கள். நம் சங்கத்திலிருந்துதான் வந்தார்கள். ஷோரூம் முதலாளிக்காக, நம்மில் மூத்தவர்கள் சிலர், வாழைப்பழமும் ஆப்பிளும் அடுக்கிய தட்டோடு தாயில்பட்டிக்கு மகேஸ்வரி வீட்டுக்குப் போனார்கள். மகேஸ்வரி கேட்டுக்கொண்டதால் நானும் அக்காவும் அங்கே இருந்தோம். "பொம்பளப் புள்ள பேரு கெடும்மா. கோர்ட்டுக்குப் போனா படத்த நாலு பேரு பாப்பாக" என்று ஒருவர் உருக்கமாகச் சொன்னார். பழத்தட்டு நடுவில் இருந்தது. மன்னிப்புக் கேட்பதுபோல மிரட்டுவதை நான் அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். "பேரு கெட வேண்டியது பாத்தவனுக்கு. இவளுக்கு எதுக்குக் கெடணும்?" என்றார். "தட்டு யாருது? போறப்ப மறக்காம எடுத்துட்டுப் போங்க." ஆடு ஆப்பிளைக் கடித்து உருட்டிக்கொண்டிருந்தது. மகேஸ்வரி, "வாபஸ் வாங்க மாட்டேங்க" என்று மட்டும் சொன்னார். வந்தவர்கள் எழுந்தார்கள்.

அந்த ஷோரூம்காரரைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று அக்கா அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னார். என்னைத் தவிர ஒருவரும் கை தூக்கவில்லை. சிலர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "வெளிய தெரிஞ்சா தொழிலுக்கே கெட்ட பேரு" என்றார். அக்கா அவரைப் பார்த்து, "வெளிய தெரியாட்டி நல்ல பேரா?" என்று கேட்டுவிட்டு வெளியேறினார். அதன் பிறகு சங்கத்தின் படியை அவர் மிதிக்கவில்லை. ஷோரூமில் மூன்று பேருக்கும் வேலை போயிற்று. வழக்கு அவர்கள் மேல் நடக்கிறது. முதலாளி தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அவரைத்தான் பிறகு நீங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தீர்கள். அவர் பெயரை அக்காவைப் பற்றிய எழுத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அக்காவுக்குச் சில கம்பெனி வேலைகள் கைவிட்டுப் போயின. "அந்தம்மாவ உள்ள விட்டா வம்பு" என்று பேச்சைப் பரப்பினார்கள். ஆனால் கடைக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். டீச்சர்கள், அச்சகத்தில் டைப் செய்பவர்கள், காலேஜ் பெண்கள். அக்கா மேஜையைத் திருப்பிப் போட்டார். திரை வாடிக்கையாளரைப் பார்த்து இருக்கும். எதிரில் அவருக்கு ஒரு நாற்காலி. டிஸ்க் மாற்ற வந்தால், முதலில் பழையதைக் கழற்றி அவர்கள் கையில் கொடுப்பார். "இத நீங்க வச்சுக்கோங்க. எனக்கு வேணும்ங்கறப்ப கேப்பேன், குடுங்க" என்பார். காப்பி எடுக்கும்போது கோப்புகளைத் திறக்க மாட்டார். ஓடுகிறதா என்று அவர்களே திறந்து பார்க்க வேண்டும். அந்த நேரம் அக்கா எழுந்து போய் வாசலில் நிற்பார். நான் ஒருமுறை, இதனால் நேரமாகிறதே என்று சொன்னேன். "ஆகட்டும். அடுத்தவுக வீட்டு அறைக்குள்ள போறப்ப செருப்பக் கழட்டிட்டுத்தான தம்பி போறோம்?" என்றார்.

அக்காவின் உடலை எடுப்பதற்கு முன்னால் தலைவர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். சந்து முனையில் சங்கத்தின் பெயரில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அக்கா படத்தைவிட அவர் படம் சற்றுப் பெரியது. சுகன்யாவிடம், கடையில் ரிப்பேருக்கு வந்து கிடக்கும் டிஸ்க்குகளையெல்லாம் சங்கமே எடுத்து உரியவர்களிடம் ஒப்படைத்துவிடும் என்று சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். "வேண்டாங்க, மாமா பாத்துக்கிருவாக" என்றாள். காரியம் முடிந்ததும் நானும் அவளும் ஒவ்வொரு வீடாகப் போய், ஒவ்வொரு டிஸ்க்காக, அவரவர் கையில் கொடுத்தோம். திறந்த கதவுகளில் பாதிக்கு மேல் பெண்கள்தான் நின்றார்கள். ஒருவர் டிஸ்க்கை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

போன வாரம் தலைவர் எனக்குப் போன் செய்தார். மலருக்குக் கட்டுரை தயாரா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சாட்சி சொல்ல வேண்டிய அக்காவே போயிட்டாக. இனி நீங்க மட்டும் எதுக்குத் தம்பி அலையணும்? அந்த மூணு பேரும் பாவம், புள்ளகுட்டிக்காரனுக. 'தூரத்துல நின்னேன், சரியாத் தெரியல'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

நான் இணைப்பைத் துண்டித்தேன். பிறகு கையைக் கழுவினேன். போனையும் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது, இது அக்காவுடைய பழக்கம் என்று.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் குமட்டல்தான். அதைப் போக்கிக்கொள்ள நான் மாத்திரை தேடப்போவதில்லை. சரி, போகட்டும், உலகம் அப்படித்தான் என்று நாலு பேர் தலையாட்டும் இடத்தில் எனக்கும் தலையாட்டத் தோன்றும். நான் தைரியசாலி இல்லை. அப்போது வயிறு புரண்டால் போதும், வாய் தானாகத் திறக்கும்.

நேற்று மகேஸ்வரி பேசினார். விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்களாம். அவர் கணவரும் ஊருக்கு வந்துவிட்டார். "அண்ணே, அக்கா இல்லையே. நீங்க வருவீகளா?" என்று கேட்டார்.

"வாரேன்" என்றேன். "பக்கத்துலதான் நின்னேன். எனக்கு எல்லாம் தெரிஞ்சது."